நோய்க்கு உண்டோ ஆபீஸ் நேரம்?

"நாட்டில் பேசுவதற்கு எத்தனையோ இருக்க, நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்ப்பது பற்றி நம் பத்திரிகையில் ஒரு கட்டுரையா?" என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். ஆனால் படித்து முடித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

நாய் வளர்ப்பது சீமான் வீட்டுப் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. சினிமாக்காரர்கள் கற்றுத் தந்த பாடம் அது. மாடிப்படியிலே பட்டுச் சட்டையோடு இறங்கி வருவார் ஒரு மைனர்; அவர் காலடியிலே சடைமுடி நாய் ஒன்று குழையும்! ஆனால், உண்மையில் இந்த நாட்டில் நாயை நம்பி உறங்குகிறவன் யார்? செங்கல் சூளையில், கதவில்லாத குடிசையில், பெண்டு பிள்ளைகளோடு படுத்திருக்கும் தொழிலாளி. கிடை போட்டு ஊர் ஊராகச் செல்லும் கீதாரி. மில் கேட்டில் இரவுக் காவல் காக்கும் கிழவர். இவர்களிடம் இரும்புப் பெட்டியும் இல்லை, கூர்க்காவும் இல்லை. நாய்தான் இருக்கிறது. பூனை இருப்பதால்தான் ரேஷன் அரிசி எலிக்குப் போகாமல் வீட்டு உலைக்குப் போகிறது. ஆட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏழையின் பாங்கி அது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் நோட்டுப் புத்தகமாக மாறுவது அந்த ஆடுதான்.

அப்படிப்பட்ட ஒரு ஜீவன் இரவு பதினோரு மணிக்கு லாரியில் அடிபட்டுக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, கால்களை உதைத்துக்கொள்கிறது. வீட்டுக்காரன் என்ன செய்வான்?

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுவான். பூட்டியிருக்கும். வாட்ச்மேன் இருந்தால், "காலையிலே வாப்பா" என்பார். ஊரின் மறு கோடியில், விளக்குப் பலகை பளிச்சிட, தனியார் கிளினிக் ஒன்று திறந்திருக்கலாம். அங்கே இராத்திரிக் கட்டணம் வேறு, எக்ஸ்ரே வேறு, குளுகோஸ் ஏற்றினால் அது வேறு. கூட்டிப் பார்த்தால் ஒரு வாரக் கூலி. ஆட்டோக்காரர் இரத்தம் சொட்டும் நாயை ஏற்றுவாரா என்பது அதற்கும் முந்திய கேள்வி. கடைசியில், துணி போர்த்தித் திண்ணையில் கிடத்தி, பொழுது விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பான். விடியும். ஆனால் யாருக்கு?

பணக்காரன் வீட்டு நாய்க்கும் இதே நோய்தான் வருகிறது, இதே பன்னிரண்டு மணிக்குத்தான் வருகிறது. வித்தியாசமெல்லாம், எந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதிலேதான்.

இந்தக் கதவுப் பிரச்சினை நம் ஊரில் மட்டும் தோன்றியதல்ல. உலகத்துக்கே சாட்டையைச் சுழற்றிய இங்கிலாந்தின் தலைநகரிலும் இருந்தது. அங்கே அது எப்படித் திறந்தது என்று பார்த்தால் நமக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

இலண்டனின் கிழக்குப் பகுதி உழைப்பாளிகள் வாழ்ந்த பகுதி. துறைமுகக் கூலிகள், தள்ளுவண்டிக்காரர்கள், தையல் தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். மரியா டிக்கின் என்ற அம்மையார், ஏழைகளுக்கு உதவலாம் என்று அந்தச் சந்துகளில் நுழைந்தார். நுழைந்தவர் கண்ணில் பட்டவை, சொறி பிடித்துத் தோலுரிந்த நாய்கள், காலொடிந்து இழுத்துக்கொண்டு திரியும் பூனைகள், கொப்புளம் வெடித்த முதுகோடு காய்கறி வண்டி இழுக்கும் கழுதைகள். சொந்தக்காரர்கள் கல்நெஞ்சர்களா? இல்லை. தன் பிள்ளைக்கே டாக்டர் பீஸ் கொடுக்க வழியில்லாதவன் கழுதைக்கு எங்கே கொடுப்பான்?

1917 நவம்பர் 17-ஆம் நாள், ஒயிட்சாப்பல் என்ற இடத்தில் ஒரு கட்டிடத்தின் நிலவறையில் அந்த அம்மையார் இலவச மருந்தகம் திறந்தார். நோயுற்ற பிராணியைக் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம் என்று வாசலில் ஒரு பலகை. அவ்வளவுதான் விளம்பரம்! சில நாட்களிலேயே கூட்டம் தெருவை அடைத்தது. ஒழுங்குபடுத்தப் போலீசார் வர வேண்டியதாயிற்று. நிலவறை போதாமல் பெரிய இடம் தேட வேண்டியதாயிற்று. 'ஏழைகள் பிராணியைக் கவனிப்பதில்லை' என்று மாளிகைகளில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தத் தெருவே பதில் சொன்னது. கவனிக்க மனமிருந்தது, திறந்த கதவுதான் இல்லை.

எதிர்ப்பும் வந்தது. பட்டம் பெற்ற டாக்டர்கள், "படிக்காதவர்கள் வைத்தியம் செய்வதா?" என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அரைகுறை வைத்தியம் ஏழை வீட்டு நாய்க்கும் ஆபத்துத்தான். இலவசம் என்பதற்காக விஷம் இனிக்காது. 1948-இல் அந்நாட்டுச் சட்டம், பதிவு பெற்றவர்தான் மிருக வைத்தியம் செய்யலாம் என்று வரையறுத்தது. நம் நாட்டிலும் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டம் இதையேதான் சொல்கிறது. டிக்கின் அம்மையாரின் நிறுவனமோ அந்தச் சட்டங்களுக்கு உட்பட்டுப் பட்டதாரி டாக்டர்களோடு இன்றும் நடக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! அதே 1948-இல்தான் இங்கிலாந்தில் மனிதர்களுக்கெல்லாம் இலவச மருத்துவம் வந்தது. பிராணிகளுக்கு வரவில்லை. நூறாண்டு கடந்தும், அந்தச் செல்வச் செழிப்பு மிக்க நாட்டில், ஏழையின் நாய் இன்னமும் தர்மகர்த்தாக்களின் உண்டியலை நம்பித்தான் பிழைக்கிறது. உண்டியல் நல்லதுதான். நிறைந்த மாதம் காக்கும், குறைந்த மாதம்?

நம்முடைய கதை வேறு. நமக்கு அடிப்படையிலேயே சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1903-இல் சென்னை வேப்பேரியில் மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டது. இராணுவக் குதிரையும் வரி கட்டும் குடியானவனின் மாடும் சாகாமலிருக்க வேண்டுமென்ற வெள்ளைத் துரைத்தனத்தின் கணக்கும் அதிலே இருந்தது என்பதை மறைப்பானேன்! 1989-இல் அந்தக் கல்லூரியை மையமாகக் கொண்டு, இந்தியாவிலேயே முதலாவதாக, கால்நடை மருத்துவத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் எழுந்தது. தர்ம நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், தெருவில் அடிபட்ட எத்தனையோ வாயில்லாப் பிராணிகளை எடுத்திருக்கிறது. கிராமங்களுக்கு இன்று 1962 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. அழைத்தால் டாக்டரும் மருந்தும் வண்டியிலேயே வரும் ஏற்பாடு. ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பது மத்திய அரசுத் திட்டத்தின் கணக்கு.

நல்ல ஏற்பாடுதான், பாராட்டுவோம். ஆனால் ஒரு லட்சத்துக்கு ஒன்று! அதிலும் ஆடு மாடுகளை மனதில் வைத்து ஏற்பட்ட வண்டி அது. 1976-இல் அறிக்கை தந்த தேசிய வேளாண்மைக் குழு, 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்றது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தக் கணக்கை உங்கள் வட்டத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: இத்தனை ஊராட்சி, இத்தனை ஆடு மாடு, எத்தனை டாக்டர்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கவும், தேவையற்ற வலியைத் தடுக்கவும் இயன்றதையெல்லாம் செய்யக் கடமைப்பட்டவர் என்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறோம். கடமை நம்முடையது. ஆனால் இராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடமையை எங்கே கொண்டுபோய் நிறைவேற்றுவது? பூட்டிய கேட்டிலா? அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 15-ஆவது இனம், கால்நடை நோய்த் தடுப்பையும் கால்நடை மருத்துவப் பயிற்சியையும் தொழிலையும் மாநிலத்தின் பொறுப்பில் வைத்திருக்கிறது. டில்லியைக் கைகாட்டித் தப்ப இதில் இடமில்லை. குடிமகனுக்குக் கடமை விதிக்கும் சட்டம், ஆஸ்பத்திரிக்கு இராக் கதவையும் விதிக்கவேண்டாமா?

'நாய்தானே, செத்தால் சாகட்டும்' என்பவர்களுக்கு ஒரு சேதி. வெறிநோய் என்று ஒன்று இருக்கிறது. நல்ல நாய் திடீரென்று ஒதுங்கிப் பதுங்குகிறது, தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, தண்ணீரை விழுங்கத் தெரியவில்லை. 'தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது, பாவம்' என்று வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விடுகிறார். அந்த அன்புதான் அவருக்கு எமனாகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் மனிதனைக் காப்பாற்ற அநேகமாக மருந்தே இல்லாத நோய் அது. பார்த்தவுடன் அடையாளம் சொல்ல ஒரு டாக்டர் அருகில் இருந்தால், ஒரு குடும்பமே தப்பும். ஆகவே மாட்டாஸ்பத்திரியின் இராக் கதவு, மனித ஆஸ்பத்திரியின் முன்வாசலும் ஆகும்!

அப்படிப்பட்ட நாயின் வாயைத் தொடாதீர்கள். தனியே அடைத்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள். கடியோ பிறாண்டலோ பட்டிருந்தால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். பதினைந்து நிமிஷம் என்பது நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மந்திரம் எதுவும் வேண்டாம். நேரே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். 1885 ஜூலை 6-ஆம் நாள் பாரிஸ் நகரில் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார். அந்த ஜூலை 6-ஐ ஒட்டி மாட்டாஸ்பத்திரிகளில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடப்பதுண்டு. கிளைத் தோழர்கள் பேட்டை நாய்களையெல்லாம் அன்றைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், ஒரு பொதுக்கூட்டம் நடத்தியதற்குக் குறைந்த வேலையல்ல அது.

கதவு திறக்கும்வரை உயிரைப் பிடித்து நிறுத்துவதும் ஒரு வேலை. அதில் நாம் செய்யும் தவறுகள் கொஞ்சமல்ல.

அடிபட்ட நாயை அள்ளித் தோளில் போட்டுக்கொள்வது முதல் தவறு. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே அதை முடித்துவிடும். பலகையோ, கோணிச் சாக்கோ, கெட்டியான போர்வையோ எதுவானாலும் சரி, அதன்மேல் மெல்ல நகர்த்தி இரண்டு பேராய்த் தூக்குங்கள். வலியில் துடிக்கும் நாய் எஜமானனையே கடிக்கும். அது நன்றிகெட்டதனமல்ல, வலி. துண்டைக் கிழித்து வாயைச் சுற்றி ஒரு கட்டு, தாடைக்குக் கீழே ஒரு குறுக்கு, காதுக்குப் பின்னால் முடிச்சு. மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் மட்டும் வாயைக் கட்டக் கூடாது. இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள்; நின்றதா நின்றதா என்று நிமிஷத்துக்கொரு தரம் எடுத்துப் பார்க்காதீர்கள். ஈறைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாயிருந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. வெளுத்திருந்தால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று கொண்டு ஓடுங்கள்.

பாலூற்றுவது, பிராந்தி ஊற்றுவது, நமக்குக் காய்ச்சல் வந்தால் போடும் பாரசெட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, இதெல்லாம் நல்ல மனதோடு செய்யும் கொலை. பூனையின் ஈரலுக்கு அந்த மாத்திரையை முறிக்கும் சக்தி கிடையாது. ஒன்றே அதைக் கொல்லப் போதும். சொறிக்குப் பழைய என்ஜின் ஆயில் பூசுகிறார்கள் பட்டறைத் தோழர்கள். தோல் வழியே விஷம் இறங்கும், நக்கினால் வயிற்றிலும் இறங்கும். விட்டுவிடுங்கள் அந்த வைத்தியத்தை.

எலி மருந்தைத் தின்றுவிட்டதா? டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். எலி மருந்திலே ஒரு ஜாதியல்ல, பல ஜாதி. ஒன்று தின்ற சில மணியில் கொல்லும். இன்னொன்று இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாமலிருந்து பிறகு இரத்தம் உறையாமல் கொல்லும். இந்த இரண்டாவதற்கு வைட்டமின் கே என்ற நல்ல மாற்று மருந்து உண்டு. எதைத் தின்றது என்று தெரிந்தால்தான் டாக்டர் எதையும் செய்ய முடியும். மண்ணெண்ணெயோ ஆசிடோ குடித்திருந்தால் வாந்தியெடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது ஒரு முறை சுட்டது, ஏறும்போது இன்னொரு முறை சுடும்.

பாம்பு கடித்த நாய்க்குக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வீண். மனிதனுக்குப் போடும் விஷமுறிவு மருந்தேதான் அதற்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவான மருந்து. அந்த மருந்து செய்வதற்கான விஷத்தைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருகிறவர்கள் யார் தெரியுமா? மாமல்லபுரத்தருகே 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்ட நம் இருளர் உழைப்பாளிகள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் விஷம் மருந்தாகி ஊரெல்லாம் போகிறது. அவர்கள் குடிசை நாயைப் பாம்பு கடித்தால் அந்த மருந்தை இராத்திரியில் போட ஆள் உண்டா?

விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாதவை சில உண்டு. குட்டி நாய் ஓயாமல் வாந்தியெடுத்து, நாற்றமடிக்கும் இரத்தபேதி போகிறதென்றால் அது பார்வோ நோயாயிருக்கலாம். உடம்பு நீர் வற்றியே செத்துப்போகும். ஆறேழு வார வயதிலிருந்தே அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆண் பூனை மூத்திரம் போக முக்கி முக்கிப் பார்த்து ஒரு சொட்டும் வரவில்லையென்றால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். அடைப்பு அது, இரண்டு மூன்று நாளில் கொல்லும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை வயிறு முட்டத் தின்ற ஆடு, மறுநாள் தலை தொங்கி நிற்கும். 'வயிறு மந்தம்' என்று இன்னும் கஞ்சி வைப்பார்கள். வயிற்றிலே அரிசி புளித்து அமிலமாகிக்கொண்டிருக்கும்போது மேலும் கஞ்சியா! இடது விலா மத்தளம்போல் உப்பி, தட்டினால் டம்மென்று ஒலித்தால், அதற்கும் காலைவரை தவணை கிடையாது.

டாக்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இராத்திரி டாக்டர் வீட்டுக் கதவை இடித்து, வரவில்லையென்று வசைபாடும் தோழர்கள் உண்டு. பகலெல்லாம் சினை ஊசி, தடுப்பூசி, பிரேதப் பரிசோதனை, கணக்கெழுதல் என்று நாலு ஊராட்சிக்கு ஒற்றை ஆளாய் அலைந்துவிட்டு வந்திருப்பவர் அவர். அவரும் சம்பளத்துக்கு உழைக்கும் மனிதர்தான். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய நாம், இன்னொருவனை இருபத்துநாலு மணி நேரமும் உழைக்கச் சொல்லலாமா? இராத்திரிக்கு வேறு டாக்டர், வேறு உதவியாளர், அவர்களுக்குத் தனிச் சம்பளம் என்றுதான் நாம் கேட்கவேண்டும். கேட்கவேண்டிய இடம் அவர் வீட்டு வாசலல்ல. நகராட்சி மன்றமும் மாவட்டத் தலைநகரமும் சட்டசபையும்.

எல்லாக் கிராமத்திலும் இராத்திரி ஆஸ்பத்திரி என்று ஆகாயத்தைக் கேட்கவில்லை நாம். தாலுகாவுக்கு ஒன்று. அங்கே விளக்கெரிய வேண்டும், ஒரு டாக்டர் விழித்திருக்க வேண்டும், விஷமுறிவு மருந்தும் குளுகோசும் அலமாரியில் இருக்க வேண்டும். 1962 வண்டி இராத்திரியிலும் ஓடவேண்டும்; ஆடு மாட்டோடு நாயையும் பூனையையும் அது ஏற்கவேண்டும். உங்கள் வட்ட மாநாட்டுத் தீர்மானங்களில் இதை ஒன்றாகச் சேர்த்து அனுப்புங்கள். கூடவே சென்ற ஒரு மாதத்தில் பேட்டையில் எத்தனை பிராணிகள் இராத்திரியில் வைத்தியமில்லாமல் செத்தன என்ற கணக்கையும் எழுதியனுப்புங்கள். வெறும் கோரிக்கையைவிடக் கணக்கு பலமாகப் பேசும்.

அதற்கிடையில், படிப்பகத்துக் கரும்பலகையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். 1962 என்று முதலில் எழுதுங்கள். அதன் கீழே பக்கத்து மாட்டாஸ்பத்திரி திறக்கும் நேரம், மூடும் நேரம். அதற்கும் கீழே, இராத்திரியில் வரக்கூடிய டாக்டரின் எண், அவர் வாங்கும் கட்டணம், நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஆட்டோக்காரத் தோழர் ஒருவரின் எண். எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு எண்ணையும் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். எடுக்காத எண்ணை அழித்துவிட்டு வேறொன்று தேடுங்கள்.